கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

ஹைதராபாத் தார்நாகாவில் நண்பர் ஒருவரின் வீடு. ரயில்வே வேலைக்காக வந்து, ஓய்வுபெற்ற பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணெய்க் குளியலுக்காகப் பேரனை ஸ்டூலில் உட்கார வைத்து, பாட்டி அவனுடைய பின்கழுத்தைப் பயத்தமாவு போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மடிப்பில், வெல்வெட் துணியை ஒட்டவைத்ததுபோல் கறுப்பாக ஒரு பட்டை.

"ஒரு மாசமா தேய்க்கறேன், போவேனாங்கறது. இவன் வெயில்ல விளையாடப் போறதுகூட இல்லை. எங்கேருந்துதான் வருதோ இந்த அழுக்கு!" என்று என்னிடம் முறையிட்டார்.

பையனுக்கு ஒன்பது வயது. எடை 46 கிலோ. அதில் பாட்டிக்குப் பெருமைதான். "பொறந்தப்போ ரெண்டரை கிலோகூட இல்லை. குருவிக் குஞ்சு மாதிரி இருந்தான். நான்தான் ஊட்டி ஊட்டித் தேத்தினேன்" என்றார்.

பாட்டியின் புதிருக்கு அன்று எனக்கு விடை தெரியாது. அடுத்த வாரம் ஒரு குழந்தை மருத்துவர் சொன்னார். அது அழுக்கல்ல. மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. உடலில் கொழுப்பு மிகுந்தால் திசுக்கள் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் அடம்பிடிக்கும். கணையமும் விடாமல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். ரத்தத்தில் இப்படி ஏறிய இன்சுலின், கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் செல்களைப் பெருக்கித் தடிமனாக்குகிறது. கறுப்பு அதனால்தான். எல்லாக் கறுப்புக் கழுத்தும் இதுவல்ல. மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பருமனான குழந்தையின் கழுத்தில் இது தெரிந்தால், நீரிழிவு வாசல்வரை வந்து நிற்கிறது என்று பொருள். அதைத்தான் பாட்டி பயத்தமாவு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறை அவருடையது. மெலிந்த குழந்தைக்கு அம்மை வந்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் பிழைப்பது கஷ்டம் என்பதைப் பக்கத்து வீடுகளில் கண்ணால் பார்த்தவர். கொழுகொழு குழந்தை என்றால் அந்தக் காலத்தில் உயிர்தப்பிய குழந்தை என்று அர்த்தம். கன்னத்தைக் கிள்ளி திருஷ்டி கழித்ததெல்லாம் அந்த நிம்மதியில்தான். பயம் நியாயமானதுதான். பயந்த காலம் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை.

இந்தக் கதை தார்நாகாவில் நடந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிட வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெடுத்துவரும் நிறுவனம். பிறந்த வீடு நம் ஊர்தான். 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒற்றை அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்த கூடம்தான் 1958ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969ல் இன்றைய பெயரைப் பெற்றது.

மெக்காரிசன் குன்னூரில் செய்த ஒரு சோதனை தமிழர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியான மதராஸ் உணவைத் தின்றவை கடைசி இடத்தில் இருந்தன.

பிறகு வந்தவர் சி. கோபாலன். 1918ல் சேலத்தில் பிறந்து, நூறு வயது கடந்து 2019ல் மறைந்தவர். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர். வீங்கிய கால்களும் செம்பட்டை முடியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளை அவர் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். புரதப் பற்றாக்குறைதான் நோய், புரத மாவு கொடுத்தால் தீரும் என்று உலக நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் குழந்தைகளுக்கு இல்லாதது புரதம் மட்டுமல்ல, வயிறு நிறையச் சாப்பாடே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அவர் தலைமையில் இருந்தபோது 1972ல் அந்த நிறுவனத்தில் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. அன்று தராசில் ஏற்றப்பட்ட குழந்தைகளைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எடை எவ்வளவு குறைவு?

அதே வளாகத்திலிருந்து 2024 மே மாதம் வெளியான உணவு வழிகாட்டியில் 17 அறிவுரைகள் இருக்கின்றன. வயிற்றுப் பருமனைத் தடுங்கள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைக் குறையுங்கள், பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள் என்பவையும் அவற்றில் அடக்கம். நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவால் வருவது என்கிறது அது.

அப்படியென்றால் பசி தீர்ந்துவிட்டதா? அதுதான் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில், அதே வயதில், அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் 2.1லிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். ஐந்திலிருந்து பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் உடற்பருமன் நோய் உள்ளோர் 1990ல் சுமார் நான்கு லட்சம் பேர். 2022ல் ஒன்றேகால் கோடி என்று 'லான்செட்' இதழில் வந்த உலகளாவிய ஆய்வு மதிப்பிடுகிறது. உலக அளவில் பள்ளி வயதுக் குழந்தைகளில் எடை குறைந்தவர்களைவிடப் பருமன் நோயாளிகள் முதல்முறையாக அதிகமாகிவிட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது: 9.2 சதவீதத்துக்கு எதிராக 9.4.

ஒல்லிக் குழந்தைகள் ஏழை வீட்டில், குண்டுக் குழந்தைகள் பணக்கார வீட்டில் என்று இரண்டு இந்தியாவாகப் பிரித்துப் பார்ப்பது நமக்கு வசதி. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் நடக்கின்றன என்பதுதான் கடந்த முப்பது வருஷ ஆராய்ச்சி சொல்லும் சங்கதி.

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993லிருந்து கிராமத்துக் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்துவருகிறார். இந்தக் குழந்தைகளை இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளோடு அவர் குழு ஒப்பிட்டது. நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. எட்டுநூறு கிராம் குறைவு. ஆனால் குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அரைவயிறு சாப்பிட்ட தாயின் கர்ப்பத்தில், பஞ்ச காலத்துக்கு என்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பிறக்கிறது குழந்தை.

வெளியே வந்து பார்த்தால் பஞ்சம் இல்லை, பேக்கரி இருக்கிறது. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களை வளரும் பருவம் முழுக்கத் தொடர்ந்து, முப்பது வயதை ஒட்டி மறுபடி பரிசோதித்த ஆய்வு 2004ல் வெளியானது. நீரிழிவும் அதன் முன்நிலையும் யாருக்கு வந்திருந்தன? கைக்குழந்தையாக இருந்தபோது ஒல்லியாக இருந்து, இரண்டு வயதுக்குப் பிறகு மற்றவர்களைவிட வேகமாகச் சதை போட்டவர்களுக்கு. கவனிக்க வேண்டியது, பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் பெரும்பாலோர் குண்டு என்று சொல்லும்படி இல்லை. "குருவிக் குஞ்சைத் தேத்தினேன்" என்ற பாட்டியின் வாக்கியம் எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

எனவே கண்ணால் பார்த்து எடைபோடுவது ஏமாற்றும். 2016-18ல் மத்திய அரசு நடத்திய முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் பள்ளி வயதுக் குழந்தைகளின் ரத்தமும் சோதிக்கப்பட்டது. எடை மிகுந்தவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். ஆனால் நீரிழிவின் முன்நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம்.

சரி, இந்தச் சதை எங்கிருந்து வருகிறது? 'தைராய்டாக இருக்கும்' என்பது பெற்றோர் முதலில் பிடிக்கும் கொம்பு. ஹார்மோன் கோளாறால் குண்டாகும் குழந்தைகள் மிகச் சிலர். அவர்கள் பொதுவாக உயரம் குறைந்தும் இருப்பார்கள். வயதுக்கேற்ற உயரமோ அதற்கு மேலோ வளர்ந்து குண்டாகவும் இருக்கிற பையனுக்குக் காரணம் பெரும்பாலும் சமையலறையிலும் தெருமுனைக் கடையிலும்தான் இருக்கும்.

நண்பர் வீட்டுப் பையனின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பாலில் சத்துமாவு பானம். உயரமாகலாம், புத்திசாலியாகலாம் என்று விளம்பரம் சொல்லும். இத்தகைய பொடிகள் சிலவற்றில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியதே 2024 ஏப்ரலில்தான். பள்ளிக்கு பிஸ்கட் பாக்கெட். மாலையில் டியூஷனுக்குப் போகும் வழியில் சிப்ஸ். நல்ல மார்க் வாங்கினால் பீட்ஸா. வாங்காவிட்டால், மனசு உடைந்துபோகாமலிருக்க ஐஸ்கிரீம். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய எட்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு நாள் முழுவதற்கும் ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரவு டிவியோ செல்போனோ எதிரே இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பது அவனுக்கும் தெரியாது, ஊட்டுகிறவருக்கும் தெரியாது.

விளையாட்டு? அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே இருந்த இடத்தைக் கார்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. தெருவில் பந்து எறிந்தால் கண்ணாடி உடையும். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மரங்களும் அகன்ற சாலைகளும் பக்கத்தில்தான். ஆனால் ஒன்பது வயதுப் பையனைப் பிரதான சாலையைத் தாண்டித் தனியாக அனுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? தினமும் ஒரு மணி நேரமாவது குழந்தை ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணி நேரத்தை டியூஷன் வாங்கிக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த தூக்கத்தில் ஒரு பங்கை செல்போன் வாங்கிக்கொண்டது. தூக்கம் குறைந்த குழந்தைக்குப் பசி கூடும் என்பதும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கும் உண்மை.

விளைவுகள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளக் கூடியவை அல்ல. ஒரு காலத்தில் நாற்பது வயதுக்காரர்களின் வியாதி என்று பெயரெடுத்த இரண்டாம் வகை நீரிழிவு பதின்வயதிலேயே வருகிறது. சீக்கிரம் வருவது சீக்கிரமே கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. மதுவைத் தொடாத சிறுவனின் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. ரத்த அழுத்தம், குறட்டையும் மூச்சுத் தடங்கலுமாகக் கெடும் தூக்கம், முழங்கால் வலி. பெண் குழந்தைகள் சீக்கிரமே வயதுக்கு வருவதும் பின்னர் மாதவிடாய்க் கோளாறுகளும் இதோடு சேர்ந்து வருகின்றன.

எந்தக் கருவியிலும் அளக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. தெலுங்கில் இளநீர்க் காய்க்கு 'பொண்டம்' என்று பெயர். கீழ்வீட்டுப் பையன்கள் நண்பரின் மகனுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அவன் விளையாடப் போகாததற்கு வெயில் காரணமல்ல. வீட்டுக்குள் இருந்தால் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாத இடத்தில் சிப்ஸ் பாக்கெட் இருக்கிறது. கேலியால் எந்தக் குழந்தையும் இளைத்ததில்லை. ஒளிந்து சாப்பிடத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே "எருமை மாதிரி வளர்ந்திருக்கே" என்று சொல்லும் அப்பாக்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டது ஒன்பது வயதுப் பையன். தட்டை நிரப்பியது அவனல்ல.

நிரப்பியது வீடு மட்டுமா என்றால், அதுவும் இல்லை. 2020ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதிப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக்கூடாது. உங்கள் குழந்தையின் பள்ளி வாசலில் நின்று ஐம்பது மீட்டரை ஒருமுறை நடந்து பாருங்கள். விதியின் ஆயுள் தெரியும். கேரளம் 2016ல் பர்கர், பீட்ஸாவுக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கியது. 2025 செப்டம்பர் 22லிருந்து சர்க்கரை சேர்த்த சோடா பானங்களுக்கு 40 சதவீத வரி, நல்லது. அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் வரி 18லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஒரு கை கிள்ளுகிறது, மறு கை மிட்டாய் கொடுக்கிறது. சிலி நாட்டில் 2016லிருந்து சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை உண்டு. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். நம்மிடம் பாக்கெட்டின் முதுகில், எறும்பு எழுத்தில் இருக்கிறது உண்மை.

அரசு விழிக்கும்வரை வீட்டில் என்ன செய்வது? அந்தக் குழந்தை மருத்துவர் சொன்னது எளிமையாக இருந்தது. வளரும் பையனைப் பட்டினி போடாதீர்கள். எடையைக் குறைக்கக்கூட வேண்டாம், இப்போதைக்கு ஏறாமல் நிறுத்தினால் போதும், உயரம் கூடக்கூடக் கணக்கு நேராகும் என்றார். கறுப்புக் கழுத்து இருப்பதால் ரத்தச் சர்க்கரையும் கல்லீரலும் பார்த்துவிட வேண்டும் என்றார். அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு கூடாது, வீடு முழுக்க மாற வேண்டும். பாட்டில் பானத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கண்டிப்பதைவிட அது சுலபம். பரிசாகவோ சமாதானமாகவோ தின்பண்டத்தைக் கொடுக்காதீர்கள். போதும் என்றால் விட்டுவிடுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். இதற்குத் தையல்காரர் டேப் போதும்.

இதில் மிகக் கஷ்டமானது 'போதும் என்றால் விட்டுவிடுங்கள்' என்பதுதான். நண்பரின் அம்மாவுக்கு அது அன்பையே நிறுத்தச் சொன்னதுபோல் இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம். "நான் பண்ணினதா இது?" என்று மட்டும் மகனிடம் கேட்டாராம். இல்லை, பாட்டி. உங்கள் கை ஊட்டிய சோற்றில்தான் அவன் பிழைத்தான். கடையும் விளம்பரமும், இடம் இல்லாத தெருவும், நேரம் இல்லாத பெற்றோரும் சேர்ந்து அதற்கு மேல் ஊட்டிவிட்டார்கள்.

சென்ற மாதம் போனபோது பையன் வீட்டில் இல்லை. மாலை ஐந்தரைக்கு அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் அவனோடு பல்கலைக்கழகப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார்கள்; டியூஷன் ஒன்று நின்றிருக்கிறது. எடை இன்னும் 46லேயே இருக்கிறது, உயரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. கழுத்துக் கறுப்பு அப்படியேதான். போக நாளாகும் என்றிருக்கிறார் மருத்துவர். பாட்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டார். அடுப்படியில் பச்சைப் பயறு ஊறிக்கொண்டிருந்தது. ராத்திரிக்குப் பெசரட்டு என்றார்.

"எத்தனை போடுவீங்க அவனுக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் கேக்கறதை" என்றார்.